ஏழாம் நம்பர் அட்டைக்கு வைத்த பொட்டு

சந்தனக்கட்டையை உரசிக்கொண்டிருக்கிறேன்.

கல் சின்னது. கட்டை அதைவிடச் சின்னது. கை வலிக்கும்போது நிறுத்துகிறேன். நிறுத்தின நேரத்தில் இதை எழுதுகிறேன். நோட்டில் அங்கங்கே மஞ்சளாக இருந்தால் அது சந்தனம்தான்.

இன்றைக்கு ஆயுத பூஜை.

போன வருஷம் இதே நாளில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மறுநாள் என் மாமனார் அவருடைய குருவிடம் போய்க் கேட்டார்.

"குருவே, ஒரு பொட்டு பட்டா ஒரு அட்டை செத்துப்போகுமா?"

குரு என்றதும் காவி, தாடி என்று நினைக்கக் கூடாது. பெயர் சபீனா. சிவகாசியில் ஒரு பைண்டிங் பட்டறையில் வேலை. அச்சாகி வருகிற தாள்களைப் பிரித்துப் பார்ப்பாள். கலர் விலகினது, மை சிந்தினது, கோணலாக விழுந்தது, எல்லாவற்றையும் ஒதுக்குவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்.

மாமாவுக்கு அறுபத்திரண்டு. பெயர் சோலையப்பன். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அந்தக் காலத்தில் பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு அட்டை இருக்குமாம். அதில் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் இருக்கும். மென்று துப்பினது போக அட்டைகள் மிஞ்சின. மாமாவிடம் நானூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன.

ஊரில் இப்படிச் சேர்க்கிறவர்கள் பதினாறு பேர். ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எது மேல், எது கீழ் என்று ஓயாத சண்டை. மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் விழுந்திருக்கிறதா, மடிப்பு உண்டா, பளபளப்பு போச்சா. சண்டை முற்றினால் சபீனாவிடம் வருவார்கள். அவள் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள்.

முதலில் விளையாட்டுக்குத்தான் குருவே என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருநாள் ஒரு பழைய அட்டையை மோந்து பார்த்து, "இது போன மாசம் அடிச்சது" என்றாளாம். அதற்குப் பிறகு யாரும் சிரித்துக்கொண்டே கூப்பிடுவதில்லை.

சங்கம் வருஷா வருஷம் ஒரு காலண்டர் போடும். மாசத்துக்கு ஒரு அட்டை. ஜனவரி யாருடையது என்பதுதான் எல்லாமே. மாமாவின் அட்டை ஒன்பது வருஷத்தில் ஒரே ஒருமுறை வந்தது. பிப்ரவரியில்.

"அதுலயும் இருபத்தெட்டு நாள்தான்" என்பார்.

அந்த வருஷம் அடுத்த காலண்டரின் ஜனவரிக்கு ஏழாம் நம்பர் அட்டை என்று முடிவாகியிருந்தது. வெளிநாட்டுக்காரர், வேகப் பந்து வீசுகிறவர், சுருட்டை முடி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார். சங்கத்தில் அது இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று மாமாவுடையது. இன்னொன்று ஃபேன்ஸி ஸ்டோர் அருணகிரி அண்ணாச்சியுடையது.

இரண்டில் எது மேலோ அது ஜனவரி.

மாமா அதை எடுத்து ஆல்பத்தின் முதல் உறையில் வைத்திருந்தார்.

பூஜையன்று காலையில் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சிரும்மா செண்பகம்."

எல்லாவற்றுக்கும் வைத்தேன். கட்டிங் பிளேயர், டெஸ்டர், ரப்பர் கையுறை, மிக்ஸி, தையல் மெஷின், சைக்கிள். கடைசியாக ஆல்பம்.

ஆல்பத்தின் மேலட்டையில் வைத்துவிட்டு எழுந்தேன். மனசு ஒப்பவில்லை. மேலே இருப்பது வெறும் பிளாஸ்டிக். உள்ளே இருப்பதுதானே மாமாவின் ஆயுதம்.

திறந்தேன். ஏழாம் நம்பரை உறையிலிருந்து வெளியே எடுத்தேன். நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

அழகாகத்தான் இருந்தது.

அடுத்ததை எடுப்பதற்குள் தொட்டிலில் பாப்பா அழுதாள். அப்போது அவளுக்கு ஏழு மாசம். அவள் அழுததால் மிச்சம் நானூற்றுப் பதினோரு பேர் தப்பித்தார்கள்.

மாமா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்த ஆளு இன்னும் உயிரோட இருக்காரும்மா."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து என் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். எதுவானாலும் பாப்பா வழியாகத்தான்.

"பாப்பா, உங்கம்மாவச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லு."

"பாப்பா, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, உங்கம்மாவ நிறுத்தச் சொல்லு."

பாப்பா கட்டை விரலைச் சப்பிக்கொண்டு அவரையே பார்க்கும். நான் போய் மோட்டாரை நிறுத்துவேன்.

என் வீட்டுக்காரர் லாரியில் போனால் வர பத்து நாளாகும். வீட்டில் நாங்கள் மூன்று பேர். பேசத் தெரியாதது ஒன்று. பேச மாட்டாதது ஒன்று. பேசப் பயந்தது ஒன்று.

குருவிடம் மாமா போனபோது நடந்ததை சபீனாதான் பிறகு எனக்குச் சொன்னாள்.

அவள் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

"யார் வச்சது?"

"வீட்டுல."

"வீட்டுல யாரு?"

"வீட்டுலதான்."

அவள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"துடைச்சாப் போயிருமா குருவே? நீங்க சொன்னா மெதுவாத் துடைச்சுப் பார்க்கேன்."

சபீனா கழிவுத் தாள் ஒன்றை எடுத்தாள். பட்டறைச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தில் ஒரு பொட்டு தொட்டு அதில் வைத்தாள். ஈரத் துணியை மாமா கையில் கொடுத்தாள்.

"துடைங்க."

துடைத்தார். மிளகு அளவு இருந்தது உள்ளங்கை அளவு ஆனது.

"இன்னும் துடைங்க."

துடைத்தார். தாள் கிழிந்தது.

"போயிருச்சா?"

மாமா துணியைக் கீழே வைத்தார்.

"சரி குருவே. அருணகிரியோடதா என்னோடதா, எது மேலுன்னு இப்பவே சொல்லிருங்க. தோத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

"பொட்டு வச்சவங்க வரட்டும்."

"அவ எதுக்கு?"

"ஐப்பசி கடைசி ஞாயிறு கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு அட்டையப் பத்தி ஒண்ணும் தெரியாது குருவே. படிச்சது ஆறாங்கிளாஸ்."

"நான் அஞ்சு" என்றாள் சபீனா.

மாமா வீட்டுக்கு வந்து கொடியில் துண்டைப் போட்டார்.

"பாப்பா, ஐப்பசி கடைசி ஞாயித்துக்கிழமை உங்கம்மா பட்டறைக்கு வரணுமாம்."

பதினாறு ஆம்பளைகள் இருக்கிற இடம். மன்னிப்புக் கேட்கச் சொல்லுவார்கள் என்று நினைத்தேன். ஒரு வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன். முப்பத்து நாலு நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

பட்டறைப் படியில் ஏறும்போது அது மறந்துபோனது.

உள்ளே பசை வாசம். எல்லோரும் தாள்கட்டுகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

சபீனா மேசையைத் துடைத்து, இரண்டு அட்டைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"பாருங்க."

ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள்.

"அருணகிரியோடது மூலையப் பாருங்கப்பா. வெத்தல கிள்ளலாம்."

"அம்பது வருஷத்து அட்டைன்னா நம்ப முடியுதா?"

"சோலையப்பனோடது நாலு மூலையும் மழுங்கல்."

"மழுங்கினா என்ன? மாப்பிள்ளை கணக்கா பொட்டு வச்சு உட்கார்ந்திருக்கே."

சிரித்தார்கள்.

"சோலையப்பன் அண்ணாச்சி, தேங்கா உடைச்சாச்சா, இனிமேத்தானா?"

இன்னும் சிரித்தார்கள்.

முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி நின்ற மனுசர். மேலே நின்று ஊரைக் கீழே பார்த்தவர். அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்தேன். அவள் வலித்து முனகினாள்.

"எல்லாரும் பார்த்தாச்சா?" என்றாள் சபீனா. "அக்கா, நீங்க வாங்க."

நான் நகரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரிஞ்சதச் சொல்ல இங்க பதினாறு பேர் இருக்காங்க. நீங்க கண்ண மூடிக்கோங்க. கையால பார்த்துட்டுச் சொல்லுங்க."

பாப்பாவை யாரிடமாவது கொடுக்க வேண்டும். மாமா கையை நீட்டினார். கொடுத்தேன். முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

கண்ணை மூடினேன். அட்டைகள் கைக்கு வந்தன.

இதை இங்கே சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் தீப்பெட்டி லேபிள் எண்ணிக் கட்டுகிற வேலை. ஆறாங்கிளாஸோடு நிறுத்தினதே அதற்காகத்தான். நூறு நூறாக எண்ணி, தரையில் தட்டிச் சமமாக்கி, விளிம்பில் பெருவிரலை ஓட்டுவோம். வெட்டில் குறைந்தது ஒன்று இருந்தால் அந்த இடத்தில் விரல் உள்ளே விழும். அதை உருவிப் போட்டுவிட்டு அடுத்த கட்டு. யாரும் சொல்லித் தந்ததில்லை. கை பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்கும் கைதான் பார்த்துக்கொண்டது.

இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மேசையில் டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டியது.

"ஏம்மா ஏம்மா, அது அட்டைம்மா" என்று யாரோ பதறினார்கள்.

"பேசாம இருங்க" என்றாள் சபீனா.

விளிம்பில் பெருவிரலை ஓட்டினேன். திருப்பித் தட்டினேன். இன்னொரு விளிம்பிலும் ஓட்டினேன்.

"இதுதான் எங்க வீட்டுது."

"எப்படித் தெரியும்?"

"பொட்டு தட்டுப்படுது."

எல்லோரும் சிரித்தார்கள். சபீனாவின் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

"அது இல்லாம?"

"அது இல்லாம..."

"சொல்லுங்க."

"இது முழுசா இருக்கு."

"அப்ப இன்னொண்ணு?"

"குறைஞ்சிருக்கு."

"எங்க?"

"அகலம் ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. உயரத்துல குறையுது. கால் நூல் இருக்கும், நகக் கனம்தான்."

கண்ணைத் திறக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. திறந்தேன்.

சபீனா இரண்டு அட்டைகளையும் வாங்கி மேசைமேல் நிமிர்த்திச் சேர்த்துப் பிடித்தாள். அட்டைகளின் தலைமேல் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்தாள்.

ஸ்கேல் மாமாவின் அட்டைமேல் உட்கார்ந்தது. அருணகிரி அண்ணாச்சியின் அட்டைக்கும் ஸ்கேலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

தாள்கட்டிலிருந்து அருணகிரி அண்ணாச்சி எழுந்தார்.

"நான் வெட்டல."

"நீங்க வெட்டினதா யாரும் சொல்லல அண்ணாச்சி."

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"இருக்கும். மேலயும் கீழயும் மழுங்கினத எவனோ பிளேடு வச்சு எடுத்திருக்கான். மூலை கூர்மையாயிருச்சு."

"பதினோரு வருஷம். தினமும் எடுத்துப் பார்க்கேன். எனக்குத் தெரியலையே."

"அந்தப் பதினோரு வருஷமும் பார்க்க நல்லா இருந்துச்சுல்ல?"

அவர் யோசித்தார்.

"இருந்துச்சு."

சபீனா அட்டையை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். அவரும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"அப்ப என்னோடது..."

"உங்களோடது மூலைக்கு ரெண்டு மார்க் போச்சு. பொட்டுக்கு மூணு போச்சு. அஞ்சு."

"அஞ்சுதானா?"

"அஞ்சுதான்."

"அவரோடது?"

"வெட்டின அட்டைக்கு மார்க் கிடையாது."

"அப்ப ஜனவரி?"

"அஞ்சுதான் ஜனவரி."

மாமா பாப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். சிரிப்பதா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

சங்கத்துச் செயலாளர் எழுந்து வந்தார். காலண்டர் வேலை அவருடையது.

"ஒண்ணும் கவலப்படாதீங்க அண்ணாச்சி. ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்லயே பொட்டை எடுத்துரலாம். ரெண்டு நிமிஷ வேலை. இருந்த இடமே தெரியாது."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

சபீனா கையில் இருந்த இரும்பு ஸ்கேலை மேசைமேல் வைத்து, மெதுவாக மாமா பக்கம் தள்ளினாள்.

மாமா ஸ்கேலைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"எடுக்க வேண்டாம்."

"ஜனவரி அண்ணாச்சி. எல்லார் வீட்டுச் சுவத்துலயும் தொங்கும்."

"தொங்கட்டும்."

"ஒரு மாசம் பூராம் சிரிப்பாங்க."

"எடுத்தா குறைஞ்சிரும்ப்பா."

அது நான் சொன்ன சொல். அவர் அதை எடுத்துக்கொண்டது எனக்கு மட்டும் கேட்டதா, எல்லோருக்கும் கேட்டதா, தெரியாது.

செயலாளர் பேனாவை எடுத்தார்.

"படத்துக்குக் கீழ என்ன போட?"

"ஏழாம் நம்பர் அட்டை. சோலையப்பன் சேகரிப்பு."

"பொட்டுக்கு?" என்றாள் சபீனா.

"பொட்டுக்கும் பேரு போடணுமா குருவே?"

"அட்டையில இருக்கே."

"மருமகள்னு போட்டுக்கோங்க."

"பதினாறு வீட்டுலயும் மருமகள் இருக்காங்க அண்ணாச்சி. பேரச் சொல்லுங்க."

மாமா பழக்கத்தில் பாப்பாவைப் பார்த்தார்.

பாப்பா அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை.

"செண்பகவல்லி."

"கேக்கல."

"செண்பகவல்லி" என்றார். தெருவில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "தப்பில்லாம எழுதுப்பா. ரெண்டு 'ல' வரும்."

செயலாளர் எழுதினார். மாமா எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். எனக்கு இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். பாதி வழியில் குனிந்து கேட்டார்.

"கால் நூல்னு எப்படிம்மா சொன்ன?"

சொன்னேன். லேபிள், கட்டு, பெருவிரல், எல்லாம். எங்கள் நிறுத்தம் வரும்வரை சொன்னேன். அவ்வளவு பேச்சு எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

காலண்டர் எங்கள் சமையலறைச் சுவரில்தான் தொங்குகிறது. இப்போது நடப்பது அக்டோபர். அதில் இன்னும் ஜனவரிதான். மாமா தாளைத் திருப்ப விடவில்லை. தேதி பார்க்க மிட்டாய்க்கடைக் காலண்டர் ஒன்று பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.

வீட்டுக்கு வருகிறவர்களை அவர் நேராகச் சமையலறைக்குத்தான் கூட்டிவருகிறார். கேஸ்காரர்கூடப் பார்த்துவிட்டார். முதலில் பொட்டைக் காட்டுகிறார். அப்புறம் கீழே இருக்கிற பெயரைப் படிக்கச் சொல்கிறார். அட்டையைக் காட்டச் சில நேரம் மறந்துவிடுகிறார்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பாப்பா இப்போது நடக்கிறாள். கிண்ணத்தில் விரலை விட்டு என் முழங்காலுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருக்கிறாள். இது வரைக்கும் நாலு பொட்டு ஆகிவிட்டது.

சந்தனம் போதும் என்று நினைக்கிறேன். இந்த வருஷம் ஆல்பத்தின் மேலட்டையில் மட்டும் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். காலையில் மாமாவிடம் அதைச் சொன்னேன். சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. அருணகிரி அண்ணாச்சி குரல் மாதிரி இருக்கிறது.

"என் அட்டைக்குத்தான் மார்க்கே கிடையாதே சோலையப்பா. இதுக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லு."

"அவகிட்ட நீயே கேளு. என் வீட்டுல பொட்டு விஷயம் பூராம் அவ முடிவுதான். செண்பகம், சந்தனத்த எடுத்துக்கிட்டு வாம்மா."

கூப்பிடுகிறார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். நெற்றியில் வைப்பதா, ஓரத்தில் வைப்பதா என்று இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டுத்தான்...

"செண்பகவல்லி"

இதோ வந்துவிட்டேன் மாமா, பாப்பா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள்